தலை ஆடிக்கு வந்த தவளை

ஆடி 1, வியாழன்

இன்று காலை நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த குருசாமி கையில் டீ வடிகட்டி. வீட்டு முன்பக்கத்தில் இருக்கும் என் கடையில், கண்ணாடி அறுக்கும் மேஜை மேல் நான் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, கண்ணாடி கைய அறுத்துட்டா?"

"இல்ல குருசாமி. தவளை."

"தவளைக்கா மேஜை மேல ஏறுனீங்க?"

"கீழ நின்னா எம் மூஞ்சியப் பாத்து அது பயந்துரும்லா."

நடந்தது இவ்வளவுதான். என் மகள் அரசி நேற்று மதுரையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாள். சம்பந்தி வீட்டுப் பலகாரம் என்று நினைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் கையை உள்ளே விட்டேன். ஈர மண் தட்டுப்பட்டது. அதற்குள் உருண்டையாக ஒன்று. சீடை என்று பிடித்தேன். சீடை மூச்சு விட்டது.

மதுரைக் கண்ணாடி மொத்தக்கடையில் தை மாதம் கொடுத்த டைரி இது. இதுவரை கடைக்கணக்குக்குக் கூடத் திறக்கவில்லை. என் மனைவி வேலம்மாள்தான் இன்று எடுத்துக் கையில் கொடுத்தாள். "வாயில வர்ற கேலியெல்லாம் இதுல எழுதித் தொலைங்க. பிள்ள இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

அரசிக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் மகாராஜன். அரசிக்கு மகாராஜன் என்று பந்தலில் நான் சொல்லாத ஆள் இல்லை. தலை ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது முறை. சீர்த்தட்டோடு இன்று மதுரைக்குப் போவதாக இருந்தோம். அதற்குள் அவளே நேற்று மத்தியான பஸ்ஸில் கோவில்பட்டி வந்து இறங்கிவிட்டாள். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு தவளை. "ஒரு மாசத்துக்கா இவ்வளவு? தீபாவளிச் சேலையும் உள்ள இருக்கும்போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நேற்று சாயங்காலமே மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, வந்துட்டாளா? பஸ் ஏறுனதும் போன் பண்ணச் சொன்னேன், பண்ணல. இறங்குனதும் பண்ணச் சொன்னேன், பண்ணல." பாசமான பிள்ளை.

ஆடி 2, வெள்ளி

தவளைக்கு ஒரு கண்ணாடித் தொட்டி செய்கிறேன். இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். வேலைதான்.

"உயரம் வேண்டாம்ப்பா, அகலமா இருக்கட்டும்" என்றாள் அரசி. "ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணு போடணும்."

"ஒரு சாண் மண்ணுக்குள்ள போயிட்டா தவளை தெரியாதே?"

"தெரிய வேண்டாம்ப்பா."

"தெரியாத தவளைக்கு எதுக்கும்மா கண்ணாடி? எம் பொழப்பே தெரியறதுலதான் இருக்கு."

"மூணு பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிருங்க" என்றாள்.

விளிம்பெல்லாம் தேய்த்து, பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு கண்ணாடி மூடியும் செய்து வைத்தேன். ஒரு நூல் இடைவெளி கிடையாது. என் வேலையில் எனக்கே பெருமை வந்தது. அரசி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "என்னப்பா, ஊறுகாயா போடப்போறோம்?" என்றாள்.

வந்ததிலிருந்து அவள் சொன்ன முதல் கேலி. அதற்காகவே மூடியை உடைத்துவிட்டு வலை மூடி அடித்தேன். பசை நாற்றம் போகும்வரை தவளையை உள்ளே விடக்கூடாதாம்.

ஆடி 5, திங்கள்

நர்சரியில் செம்மண் வாங்கி வந்தேன். அரசி ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தாள். "உரம் கலந்திருக்காங்கப்பா. அதுக்குத் தோல்தான் வாய் மாதிரி. எது பட்டாலும் உள்ள போயிரும்."

செம்மண் வேப்பங்கன்றுக்குப் போயிற்று. கண்மாய்க் கரையிலிருந்து மணல் கலந்த மண் கொண்டுவந்து, தேங்காய் நார்த்தூள் சேர்த்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தோம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கவேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருப்பதால் அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்றவேண்டும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையாக எனக்கு இவ்வளவு கவனிப்பு இல்லை.

பிசையும்போது கேட்டேன். "இது எங்கம்மா கெடச்சது?"

"வீட்டுக்குப் பின்னால குழி தோண்டினாங்கப்பா. மண்வெட்டில மாட்டிக்கிட்டு வந்துச்சு. தூக்கிப் போடப் போனாங்க, வாங்கிக்கிட்டேன். பாத்ரூம்ல ஒரு வாளில வச்சிருந்தேன்."

"மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்குமா?"

"பிடிக்குமே. தினமும் தோண்டி எடுத்துப் பாப்பாரு. இருக்கான்னு."

நல்ல மனிதர், ஒரு தவளை மேல் இவ்வளவு அக்கறை என்று சொன்னேன். அரசி மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தாள். பதம் வந்த பிறகும் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஆடி 6, செவ்வாய்

தவளை உள்ளே போய்விட்டது. முகத்தை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, பின்னங்காலால் தோண்டி, பஸ் ரிவர்ஸ் எடுப்பதுபோல.

ஆடி 9, வெள்ளி

ஆடி வெள்ளி. வேலம்மாள் பூஜை முடித்துச் சாம்பிராணி போட்டாள். தூபக்காலை வாங்கி மூலை முடுக்கெல்லாம் காட்டியது நான். தவளையும் வீட்டில் ஒரு ஜீவன்தானே, அதற்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும் என்று வலை மூடி மேலேயே கொஞ்ச நேரம் பிடித்தேன். தொட்டிக்குள் புகை மேகம்போல நின்றது. அழகாகக்கூட இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தவளை மண்ணுக்கு மேலே கிடக்கிறது. கண் பாதி மூடி, தொண்டை துடிக்கவில்லை.

அரசியின் அறைக்கதவைத் தட்டினேன். பகலிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது, பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். காற்றில் கதவு அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பாள். ஆடிக்காற்று அப்படி.

அவள் தவளையை ஈரக்கையால் எடுத்து, தட்டில், திறந்து வைத்திருந்த தண்ணீரில் உட்கார வைத்து, கரண்டியால் முதுகில் விட்டுக்கொண்டே இருந்தாள். நான் விசிறினேன். வேலம்மாள் தூபக்காலைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துவிட்டு வந்து நின்றாள். சாயங்காலம் தொண்டை அசைந்தது. மண் முழுவதையும் கொட்டிவிட்டு வேறு மண் போட்டோம்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"பரவால்லப்பா. என் மேலதான் தப்பு. நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். நான்தான் கவனமா இருந்திருக்கணும்." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். வேலம்மாள் அவள் வாயைப் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ஒரு தவளைக்காக இவ்வளவா என்று டைரியில் மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஆடி 14, புதன்

குருசாமி கடையில் மழைப்பேச்சு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"அண்ணாச்சி, தவளைக்குக் கல்யாணம் பண்ணி வச்சா மழை வருமாம்லா? உங்க வீட்லதான் பொண்ணு ரெடியா இருக்கே" என்றான் குருசாமி.

"ஆடில யாருய்யா கல்யாணம் பண்ணுவா? ஆடி முடியட்டும், பொண்ண மாப்பிள்ள வீட்டுக்கே பத்தி விட்டுருதேன். மழை, வெயிலு எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிடட்டும்."

கடை முழுக்கச் சிரித்தது. நான் திரும்பினேன். எனக்கு மோர் கொண்டுவந்த அரசி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் அவள் சாப்பிட வரவில்லை.

"உங்க வாயத்தான் மொதல்ல பசை போட்டு ஒட்டணும்" என்றாள் வேலம்மாள்.

"நான் தவளையத்தான் சொன்னேன்."

"தவளைய மட்டுமா சொன்னீங்க?"

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பெருகத் தண்ணீர் இல்லாவிட்டாலும் சித்ரான்னம் உண்டு. சாப்பிடும்போது மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார்.

"மாமா, அவ எங்க? போன அந்தப் பக்கம் திருப்புங்க. ரூமக் காட்டுங்க. கட்டில்ல என்ன பை? அதத் தொறக்கச் சொல்லுங்க."

நானும் கல்யாண வீடியோக்காரன் மாதிரி சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பையையும் நானே திறந்து காட்டினேன். உள்ளே வேலம்மாளுக்கு அவள் வாங்கி வந்த சேலை. அரசி சோற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

போனை வைத்ததும் சொன்னாள். "அப்பா, எங் கதவுல தாழ்ப்பாள் ஆடுது."

"இந்த வீட்டுக்குக் கள்ளன் வந்தா எடுத்துட்டுப் போக என்னம்மா இருக்கு, தவளைதான்."

"அங்க எங்க ரூம்ல தாழ்ப்பாளே கிடையாதுப்பா. கழட்டிட்டாரு. பாத்ரூம்லயும்."

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் கை கழுவிவிட்டுக் கடைக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் எடுத்து வந்து மாட்டினேன். பழையதில் முக்கால் இஞ்ச் ஸ்க்ரூ போட்டிருந்தார்கள், அதனால்தான் ஆடியிருக்கிறது. ஒன்றரை இஞ்ச் போட்டேன். நிலை நல்ல வேப்பமரம், ஸ்க்ரூ இறங்கக் கஷ்டப்பட்டது. சோப்பு தடவி இறக்கினேன். ஸ்க்ரூவுக்குச் சோப்பு தடவினால் நன்றாக இறங்கும்.



ஆடி 23, வெள்ளி

சம்பந்தியம்மா பேசினார்கள். ஆவணி பிறந்த அன்றே நாள் நன்றாக இருக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். "சரி" என்றேன்.

"நாலு வார்த்த கேக்க வேண்டாமா? சரின்னா என்ன சரி?" என்றாள் வேலம்மாள்.

"வந்தா நேர்ல நயமாப் பேசுவோம். தாழ்ப்பாள மாட்டச் சொல்லுவோம். நல்ல பையன்தான், சொன்னாக் கேப்பாரு. கட்டிக்குடுத்த பிள்ளைய வீட்ல வச்சிருந்தா ஊரு நாக்கு சும்மா இருக்குமா?"

"ஊரு நாக்க விடுங்க. உங்க நாக்கு எங்க போச்சு?"

அதற்கு ஒரு கேலி தோன்றியது. எழுதக்கூடத் தகுதியில்லாத கேலி.

இந்த வாரம் தவளைக்கு அரசி கரையான் பிடித்துப் போட்டாள். அது மேலே வந்து தின்றதை நாங்கள் பார்க்கவில்லை. காலையில் கரையான் இல்லை, மண் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. "இது போதும்ப்பா. நல்லா இருக்குன்னு அர்த்தம். தோண்டிப் பாக்க வேண்டாம்" என்றாள்.

ஆடி 31, சனி

நாளைக்கு வருகிறார்கள். அரசி பெட்டி கட்டவில்லை. யாரும் கட்டச் சொல்லவுமில்லை. நான் கடையில் ஒரே கண்ணாடியை இரண்டு தடவை தப்பாக அறுத்தேன்.

ஆவணி 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, சிரித்த முகம். தொட்டியைப் பார்த்ததும், "மாமா, தவளைக்கு பங்களாவே கட்டிட்டீங்க!" என்றார்.

"வாடகதான் தரமாட்டேங்குது மாப்பிள்ளை."

சரியான இடத்தில் சிரித்தார். என் கேலிக்குச் சரியான இடத்தில் சிரிக்கிற ஆள். பெண் பார்க்க வந்த அன்றே இதற்காகத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"உயிரோட இருக்கா?"

"இருக்கும்."

"இருக்கும்னா? பாத்துட்டாப் போச்சு."

வலை மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையைக்கூட மடிக்காமல் மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டார். அரசி அப்போதுதான் காப்பித் தட்டோடு வந்தாள், அப்படியே நின்றாள். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. அரசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே துழாவினார். ஒரு பின்னங்காலைப் பிடித்து வெளியே இழுத்தார். தவளை பந்துபோல உப்பிக்கொண்டு அவர் சட்டையில் தண்ணீர் பீய்ச்சியது.

"ஐயய்ய, புதுச் சட்ட!" என்று சம்பந்தியம்மா சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விரல்களை மூடினார். தவளையின் கண் பிதுங்கியது.

"மாப்பிள்ளை, சின்ன ஜீவன், விட்டுருங்க."

"ஒண்ணும் ஆகாது மாமா." கை இன்னும் இறுகியது.

அப்போது அரசி என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்வதுபோல, பதற்றமே இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி. "விடுங்கன்னு சொல்லாதீங்கப்பா. சொன்னா இன்னும் இறுக்குவாரு. வேற ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. கவனம் மாறுனா தானா விட்டுருவாரு."

என் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பேச வந்திருக்காது. பேசினேன். முகம் சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். நிலைக்கண்ணாடியைப் பார்த்துக் கொக்கரிக்கும் குருசாமி வீட்டுச் சேவலைப் பற்றிச் சொன்னேன். எதற்கும் அந்தக் கை தளரவில்லை. கடைசியில், "கார் லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது மாப்பிள்ளை?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. நாலுவழிச் சாலையில் எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு என்று சொல்ல ஆரம்பித்தார். விரல்கள் விரிந்தன. நான் உள்ளங்கையைக் கீழே கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் காப்பித் தட்டு வேலம்மாள் கையில் இருந்தது. அரசி இல்லை. அவள் அறைக்குள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"நல்ல நேரம் போகுது, பிள்ளையக் கெளம்பச் சொல்லுங்க" என்றார்கள் சம்பந்தியம்மா.

நயமாகப் பேசத்தான் வாயைத் திறந்தேன். "எங்க வீட்ல ஆடி இன்னும் முடியல சம்பந்தி" என்று வந்தது.

"என்ன சொல்றீங்க? இன்னைக்கு ஆவணி ஒண்ணு."

"அது உங்க காலண்டர்ல. எங்க காலண்டர்ல இன்னும் கிழிக்கல."

மாப்பிள்ளை சரியான இடத்தில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார். "மாமா, விளையாடாதீங்க."

"விளையாடல. அவ இங்க இருப்பா. நீங்க காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் நேராகப் போய் அறைக்கதவைத் தட்டினார். கோபமாக இல்லை. ஒரே சீராக, விட்டு விட்டு. "அரசி. தொற. அரசி. தொற." என் இரண்டு கையிலும் தவளை. எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினேன். அதற்குள் வேலம்மாள் காப்பித் தட்டோடு போய்க் கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"தட்டுனது போதும் தம்பி. புதுத் தாழ்ப்பாள். இவுக ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ போட்டுருக்காக."

ஏழு மாதமாக 'மாப்பிள்ளை' தவிர வேறு சொல் சொல்லாதவள். அந்தத் 'தம்பி' எல்லோர் காதிலும் விழுந்தது. சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்கள்.

வாசலில் நின்று மாப்பிள்ளை சொன்னார். "பெரியவங்களக் கூட்டிட்டு வர்றேன். அப்ப பாப்போம், எந்த மாசம்னு." இப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குருசாமி கடையில் எல்லோரும் டம்ளரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு ஊர் பேசும். பேசட்டும் என்று எழுத ஆசைதான். குருசாமி பக்கம் பார்க்காமல் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆடி 33, திங்கள்

டைரியில் ஆவணி 2 என்று அச்சடித்திருக்கிறான். அடித்துவிட்டேன்.

தவளையின் பின்னங்கால் ஒன்று வீங்கியிருக்கிறது. அரசி தண்ணீரில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு மண்ணில் விட்டாள். வழக்கமாக ஒரு நிமிஷத்தில் மறைகிறது, இன்று ஒற்றைக் காலால் தோண்டித் தோண்டி வெகுநேரம் ஆயிற்று. நான் விரலால் கொஞ்சம் பள்ளம் பறித்துக் கொடுக்கப் போனேன். "அதுவே போகட்டும்ப்பா" என்றாள். தலை மறையும்வரை இரண்டு பேரும் குனிந்தே உட்கார்ந்திருந்தோம்.

மதுரையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. வேலம்மாள் எடுத்து, "இவுக கடைக்குப் போயிருக்காக" என்றாள். நான் இங்கேதான் மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தேன். நான் இங்கேதான் மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தேன்.

அரசி வலை மூடியைப் போட்டாள். அதன் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நான் இங்க எத்தன நாள் இருக்கலாம்?"

"எங்கிட்ட கேட்டா? வீட்டு ஓனர் உங்கம்மால்லா. நானே இந்த வாய்க்கும் சேத்து வாடக கட்டிக்கிட்டு இருக்கவன்" என்றேன்.

சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

வாய் வரைக்கும் வந்து, சொல்லாமல் விட்டது இது: அதை நீ எங்கிட்ட கேக்க வேண்டியிருக்கற மாதிரி நான் எப்படிப்பட்ட அப்பனா இருந்தேன் தாயி?